மறதிய மட்டும் எழுதுறீங்க, பேச்சு போறத யாரு எழுதுறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு கெழமைக்கு முன்னாடி உங்க ஞாயிறு பேப்பர்ல வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. சாவிய எங்க வச்சோம்னு மறக்குறது, அடுப்ப அணைக்காம போறது, இப்படி இருந்தா டொக்டர்ட்ட காட்டுங்க, குறுக்கெழுத்து போடுங்க, புஸ்தகம் வாசிங்கன்னு முடிச்சிருந்தாங்க. தப்பா ஒண்ணும் இல்ல. ஆனா வாசிச்சு முடிச்சதும் எனக்கு சிரிப்பும் வந்துச்சு கொஞ்சம் கோவமும் வந்துச்சு, ஏன்னா எங்க அம்மா வாழ்க்கையில சாவின்னு ஒண்ணு கையில வச்சதே இல்ல, லயம்னு சொல்ற தோட்டத்து வரிசை வீட்டு காம்பராவுக்கு கொண்டி தான், குறுக்கெழுத்து போட எழுத்தும் தெரியாது. அப்ப எங்க அம்மா மாதிரி ஆளுக்கு இந்த நோய் வந்தா எத வச்சு கண்டுபுடிக்கிறது? அத சொல்லத்தான் இந்த கடிதம். கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலன்னா வெட்டிக்கங்க.

அம்மாவுக்கு இப்ப 74. 16 வயசுல பேர் பதிஞ்சு 55 வரைக்கும் தேயிலை மலையில கொழுந்து எடுத்தவங்க. அல்சைமர் நோய்னு (மூளை கொஞ்சம் கொஞ்சமா கெட்டு மறதியும் தடுமாற்றமும் கூடிக்கிட்டே போற நோய்) உறுதியா சொல்லி ரெண்டு வருசம் ஆகுது. நான் பக்கத்து தோட்டத்துல இஸ்கூல் டீச்சர், அம்மா என்கூட தான் இருக்காங்க.

எங்களுக்கு மொத மொத தெரிஞ்சது மறதி இல்லீங்க, ஒரு வார்த்தை தான். என் மகளுக்கு இஸ்கூல்ல கொழுந்து எடுக்குறத பத்தி ஏதோ ப்ராஜெக்ட், அம்மாயிகிட்ட கேட்டு எழுதிட்டு வான்னு அனுப்புனேன். அம்மா நல்லா தான் சொல்லிக்கிட்டு வந்தாங்க, இடுப்புல படங்கு சாக்கு கட்டுறது, கூடை, காலையில வேலை பிரிக்கிற பெரட்டு, மடுவம்ங்கிற கொட்டகையில கொழுந்து நிறுக்குறதுன்னு எல்லாம். அப்புறம் ஒரு எடத்துல நின்னுட்டாங்க. "அந்த... நீட்டா இருக்குமே... செடி மேல வச்சு மட்டம் பாப்போமே, அது" அப்படின்னு கைய நீட்டி காட்டுறாங்க. மட்டக்கம்பு. 39 வருசம் கையில புடிச்ச சாமான். நாங்க எல்லாரும் சிரிச்சோம், அவங்களும் சிரிச்சாங்க. அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் தோணல.

அதுக்கப்புறம் "அது" கூடிக்கிட்டே போச்சு. "அத எடுத்து அதுல வச்சுட்டு அவகிட்ட குடுத்துரு" அப்படின்னு சொல்லுவாங்க, கேக்குற ஆளுக்கு எது, எதுல, எவன்னு ஒண்ணும் புரியாது. ஆனா பாருங்க, அந்த வசனத்துல இலக்கணப்பிழை ஒண்ணு கூட இல்ல. எடுத்து, வச்சுட்டு, குடுத்துரு, வேற்றுமை உருபு எல்லாம் அது அது எடத்துல இருக்கு, பெயர்ச்சொல் தான் காணாம போயிருச்சு. நான் தமிழ் டீச்சர்ங்கிறதால இது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதனால ஒரு இஸ்கூல் கொப்பி எடுத்து எந்த நாள் எந்த வார்த்தை வரலன்னு எழுத ஆரம்பிச்சேன். அந்த கொப்பி இன்னும் இருக்கு, கடைசியில சொல்றேன்.

பொறகு தான் போன்ல தேடித்தேடி வாசிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், இத ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்றாங்க. சத்தம், உச்சரிப்பு, வசனத்தோட கட்டமைப்பு இதெல்லாம் அல்சைமர்ல ரொம்ப நாள் தாக்குப் புடிக்குமாம், மொதல்ல அடி வாங்குறது பொருளும் அதோட பேரும். நோய் மூளையில ஞாபகத்த சேத்து வைக்கிற பக்கத்துல ஆரம்பிச்சு பக்கத்துல காதோரமா இருக்குற பகுதிக்கு பரவுது, பேரும் பொருளும் சேர்ற வேலை அந்தப் பக்கம் தான் கூட நடக்குதாம். அதனால தான் பேரு போயி "அது", "இது", "அந்த சாமான்" வந்து உக்காந்துக்குது. நுணுக்கமான பேரு போயி பொதுவான பேரு நிக்கும், பசு, எருமைன்னு பிரிச்சு சொன்னவங்க எல்லாத்தையும் "மாடு" ம்பாங்க. எங்க வீட்டு நாய அம்மா இப்ப ஆடுன்னு தான் சொல்றாங்க. அதுவும் வாலாட்டிக்கிட்டு வருது, அதுக்கென்ன.

இந்த நோய்க்கு பேரு வந்த கதையே பேச்சுல தான் ஆரம்பிக்குது. 1901ல ஜெர்மனியில பிராங்பேர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில அலோயிஸ் அல்சைமர்ங்கிற டொக்டர் 51 வயசு அம்மா ஒருத்தங்கள பாக்குறாரு, அவங்க பேரு ஆகுஸ்தே. பேரு என்னன்னு கேட்டா ஆகுஸ்தே, குடும்பப் பேரு கேட்டா ஆகுஸ்தே, புருசன் பேரு கேட்டா அதுக்கும் ஆகுஸ்தேன்னு நினைக்கிறேன்னு பதில். மத்தியானம் பூக்கோவாவும் பன்னி இறைச்சியும் சாப்புட்டுக்கிட்டு இருக்கப்ப என்ன சாப்புடுறீங்கன்னா, கீரையாம். எல்லாத்தையும் அந்த டொக்டர் கேள்வியும் பதிலுமா எழுதி வச்சிருக்காரு. அந்தம்மா 1906ல செத்துப்போனதுக்கு பொறகு தான் மூளைய வெட்டிப் பாத்து அதே வருசம் நவம்பர்ல மத்த டொக்டர்மாருக்கு சொல்றாரு. அந்த எழுதி வச்ச பைல் காணாம போயி 1995ல தான் திரும்ப கெடச்சுச்சு. அத வாசிச்ச ராத்திரி எனக்கு தூக்கமே வரல, ஏன்னா அதுக்கு மொத நாள் தான் அம்மா தட்டுல இருந்த முட்டைக்கோவா சுண்டல காட்டி "மீனு நல்லா இருக்கு" ன்னாங்க. 120 வருசத்துக்கு முன்னாடி எங்கயோ ஜெர்மன்காரம்மா, இங்க இலங்கையில தலவாக்கலை பக்கம் எங்க அம்மா, ரெண்டு பேருக்கும் வாயில ஒண்ணு நாக்குல ஒண்ணு.

அகதா கிறிஸ்டி, துப்பறியும் கதை எழுதுன அந்த வெள்ளக்கார அம்மா, அவங்க இளமையில எழுதுனது, கடைசி காலத்துல எழுதுனது எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல போட்டு 2009ல டொரண்டோ யுனிவர்சிட்டில எண்ணிப் பாத்தாங்க. வயசு ஏற ஏற புதுப் புது வார்த்தைங்க கொறஞ்சு, ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்து, நம்ம "அது", "ஏதோ ஒண்ணு" மாதிரி வார்த்தைங்க கூடியிருக்கு. அவங்க உயிரோட இருக்கப்ப நோய்னு எந்த டொக்டரும் உறுதியா சொன்னதில்ல, எழுத்து தான் அப்படி இருந்திருக்கலாம்னு சொல்லுது.

சரி, எழுதுனவங்களுக்கு எழுத்து சொல்லும். எழுதாதவங்களுக்கு?

இங்க தான் கன்னியாஸ்திரிங்கள வச்சு செஞ்ச ஒரு ஆய்வு பத்தி சொல்லணும், இத வாசிக்கிறப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அமெரிக்காவுல டேவிட் ஸ்னோடன்னு ஒருத்தர், ஒரே சபைய சேந்த 678 கன்னியாஸ்திரிங்கள வருசக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாரு. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை, ஆராய்ச்சிக்கு அதுக்கு மேல என்ன வேணும். அதுல சில பேரு மடத்துல சேர்ற காலத்துல, சராசரியா 22 வயசுல, தங்களோட வாழ்க்கைய ஒரு பக்கம் எழுதிக் குடுத்திருந்தாங்க, அது பெட்டியில பத்திரமா இருந்துச்சு. அத எடுத்து ஒவ்வொரு பத்து வார்த்தைக்கும் எத்தன கருத்து இருக்குன்னு எண்ணுனாங்க. 22 வயசுல கருத்து அடர்த்தி கொறஞ்சு எழுதுனவங்களுக்கு தான் அறுபது வருசத்துக்கு பொறகு அல்சைமர் கூடுதலா வந்திருந்துச்சு. 1996ல இத வெளியிட்டாங்க. அப்படின்னா சின்ன வயசுலயே நோய் மெல்ல ஆரம்பிச்சிருச்சா, இல்ல மொழி வளமா இருந்தவங்களுக்கு நோய தாங்குற சேமிப்பு மூளையில கூடவா, இது ரெண்டுல எதுன்னு அத வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது.

எங்க அம்மாவுக்கு 22 வயசு 1973ல. பஞ்சம் ஆரம்பிச்ச நேரம். கூப்பன் மாவுக்கு வரிசையில நின்னுக்கிட்டு, பெரிய மாமா இந்தியா போறதுக்கு பாஸ்போட் வந்துருச்சுன்னு அழுதுக்கிட்டு இருந்த காலம். வாழ்க்கை வரலாறு எழுதுற பேச்சே இல்ல, சம்பளத்துக்கே கைநாட்டு. ஆனா ஐயா, எழுத்து இல்லையே தவிர மொழி இல்லாம இல்ல. எங்க அம்மா ஒப்பாரி சொல்ல ஆரம்பிச்சா நாலு லயத்து பொம்பளைங்க வேலைய போட்டுட்டு வந்து நிப்பாங்க. செத்தவங்க நட்ட மரம், வாங்கிக் குடுத்த சீலை, கடைசியா போன கோச்சி எல்லாம் வரிசையா வரும், யோசிக்காம வரும். மாமா கோச்சி ஏறுன அன்னிக்கு ஸ்டேசன்லயே அம்மா சொன்ன ஒப்பாரிய பத்தி இப்பவும் சொந்தக்காரங்க பேசிக்குவாங்க. அத யாராவது டேப்புல புடிச்சிருந்தா, பத்து வார்த்தைக்கு எத்தன கருத்துன்னு எண்ணிப் பாத்திருக்கலாம்ல? எங்க ஆளுங்க இந்தியாவுல இருந்து இங்க வந்து 200 வருசம் ஆனத நெனச்சு மலையகம் 200ன்னு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க, நல்ல விசயம், நானும் மனசார சந்தோசப்பட்டேன், ஆனா அந்த நடந்த சனத்தோட அம்மாயி தாத்தாமார் பேச்ச இப்பவாவது யாராவது பதிஞ்சு வச்சா அது வரலாறுக்கும் ஆகும் வைத்தியத்துக்கும் ஆகும்.

இப்ப ஆஸ்பத்திரி கதை. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், யாரையும் குத்தம் சொல்ற நோக்கம் இல்ல. டொக்டர் தங்கமான மனுசன், அவருக்கு தமிழ் தெரியாது, வாட்டுல இருந்த அட்டென்டன் அக்கா தான் மாத்தி மாத்தி சொன்னாங்க. இந்த மாதிரி நோய சோதிக்க உலகம் பூரா பாவிக்கிற ஒரு பரீட்சை இருக்கு, 1975ல வந்தது, மொத்தம் 30 புள்ளி. சாதாரணமா 24க்கு கீழ போனா சந்தேகம். அதுல ஒரு வரி வாசிக்க 1 புள்ளி, ஒரு வசனம் எழுத 1, ரெண்டு ஐங்கோணத்த பாத்து வரைய 1, நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டு வர 5. கூட்டிப் பாருங்க. எழுதப் படிக்க தெரியாத, பென்சில் புடிக்காத ஒரு ஆளு நோயே இல்லாம 30க்கு 22ல நிக்குறாங்க. படிப்புக்கு தக்கபடி கூட்டிக் கழிச்சு பாக்கணும்னு டொக்டர்மாருக்கு தெரியும் தான், ஆனா எவ்வளவு கூட்டுறது எவ்வளவு கழிக்கிறது? நீங்க இப்ப எத்தனாவது மாடியில இருக்கீங்கன்னு வேற ஒரு கேள்வி, அம்மா கீழ குனிஞ்சு தரைய பாத்தாங்க.

100ல 7 போனா எத்தனன்னு கேட்டதுக்கு அம்மா பேசாம இருந்தாங்க. வெளிய வந்து பஸ்சுக்கு நிக்கிறப்ப நான் சும்மா கேட்டேன், "அம்மா 23 கிலோ எடுத்தீங்க, தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ வெட்டிட்டாங்க, எத்தன போடுவாங்க?" பட்டுன்னு சொல்றாங்க, "இருவத்தொண்ணு. அநியாயமா போவானுங்க." கணக்கு போகல ஐயா, கேட்ட மொழி தான் தப்பு.

இதுல ரெண்டு பக்கமும் நட்டம். சுகமா இருக்குற கெழவிக்கு நோய்னு சொல்லிறலாம், இல்லன்னா எங்களுக்கு நடந்த மாதிரி, படிப்பில்லாததால தான் மார்க் கொறவு, வயசும் போகுதுன்னு வீட்டுக்கு அனுப்பிறலாம். அப்படியே ஒன்றரை வருசம் போச்சு. கொப்பியில 40 வார்த்தைக்கு மேல ஏறுனப்ப தான் வேற எடத்துக்கு கூட்டிக்கிட்டுப் போனோம், அங்க ஸ்கேன் எடுத்து, ரத்தத்துல தைரொய்ட், பி12 எல்லாம் பாத்து (இதெல்லாம் கொறஞ்சாலும் இப்படி தடுமாற்றம் வரும், அது மருந்துல சரியாகலாம், அதனால கட்டாயம் பாக்கணும்), கொப்பியையும் வாங்கி பொறுமையா வாசிச்சு, தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ்ஸ வச்சு பேச விட்டு கேட்டாங்க.

பேச விட்டு கேக்குறதுக்குன்னே ஒரு படம் இருக்கு, 1972ல அமெரிக்காவுல வந்தது, உலகம் பூரா ஆராய்ச்சிக்காரங்க பாவிக்கிறாங்க. குசினியில ஒரு வெள்ளக்கார பொம்பள கழுவுன கோப்பைய தொடைக்குது, தொட்டி நெறஞ்சு தண்ணி தரையில கொட்டுது, பின்னால பையன் ஸ்டூல்ல ஏறி பிஸ்கட் திருடுறான், ஸ்டூல் சரியுது, தங்கச்சி கைய நீட்டுது. என்ன நடக்குதுன்னு சொல்லச் சொல்லி பதிஞ்சு, எத்தன தரம் நிறுத்துறாங்க, எத்தன "அது", எத விட்டாங்கன்னு கொம்பியூட்டர வச்சு பாப்பாங்க. நான் போன்ல அந்த படத்த அம்மாகிட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "பீலி தண்ணி வீணா போகுது, போயி மூடச் சொல்லு" ன்னாங்க. எனக்கு அது போதும்னு தோணுச்சு, படத்துலயே முக்கியமான விசயம் அதானே. ஆனா மார்க் போடுறவங்களுக்கு பீலின்னா லயத்துல தண்ணி புடிக்கிற குழாய்னு தெரியுமா? பிஸ்கட் போத்தலும் குசினி தொட்டியும் எங்க அம்மா வாழ்க்கையில இல்ல. அதுக்கு பதிலா மடுவத்துல தராசு, கூடை சரிஞ்சு கொழுந்து கொட்டுது, கணக்கப்பிள்ளை வேற பக்கம் பாக்குறாரு, பிள்ளை ஒண்ணு ரொட்டிய எடுத்துக்கிட்டு ஓடுதுன்னு ஒரு படம் வரைய எத்தன நாள் ஆகும்? எங்க இஸ்கூல் சித்திர டீச்சர் ஒரு மத்தியானத்துல வரைஞ்சிருவாரு. ஒரு நிமிசத்துல எத்தன மிருகத்தோட பேரு சொல்றீங்கன்னு கேக்குற டெஸ்ட் நல்லது தான், அதோட வீட்டுத்தோட்டத்துல என்ன என்ன போடுவீங்கன்னும் கேளுங்க, கரட், லீக்ஸ், போஞ்சி, நோக்கோல்னு சுகமான ஆளு மூச்சு விடாம சொல்லுவாங்க, சொல்லலன்னா அப்ப யோசிக்கலாம். படம் வரைஞ்சா மட்டும் போதாது, சுகமா இருக்குற நூத்துக்கணக்கான தோட்டத்து வயசாளிங்க அத எப்படி சொல்றாங்கன்னு மொதல்ல பாக்கணும், அப்ப தான் நோய் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போடலாம்னு எனக்கும் புரியுது. அதத்தான் கேக்குறேன். அந்த 30 புள்ளி பரீட்சைய சிங்களத்துல மாத்தி இங்க சரிபாத்திருக்காங்க, 2003ல வந்த ஒரு ஆய்வுல கொழும்புக்கு பக்கத்து அரைநகர பகுதியில 65 வயசுக்கு மேல 100க்கு 4 பேர் அளவுல இந்த மாதிரி நோய் இருக்குன்னும் கணக்கெடுத்திருக்காங்க. அதே மாதிரி மலைக்கும் ஏறி வரட்டும்.

ரெண்டு மொழி பேசுறவங்களுக்கு இந்த நோய் பிந்தி வருதுன்னும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2013ல ஹைதராபாத்துல 648 நோயாளிங்கள பாத்தாங்க, ஒரு மொழி மட்டும் பேசுனவங்கள விட ரெண்டு மொழி பேசுனவங்களுக்கு சராசரியா நாலரை வருசம் பிந்தி தான் ஆரம்பிச்சிருக்கு, பள்ளிக்கூடமே போகாதவங்ககிட்டயும் அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. பின்னால வந்த எல்லா ஆய்வும் இத ஒத்துக்கல, அதனால அடிச்சு சொல்ல முடியாது. ஆனா எனக்கு இது புடிச்சிருந்துச்சு, ஏன்னா எங்க ஆளுங்க படிக்கல படிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த படிக்காத எங்க அம்மா டவுன் கடையில சிங்களத்துல பேரம் பேசி அஞ்சு ரூவா கொறைச்சிட்டு தான் வருவாங்க. அந்த சிங்களம் இப்ப போயிருச்சு. கடை முதலாளி பழகுன ஆளு, "கொஹொமத அம்மே" ன்னு சிங்களத்துல சுகம் கேட்டா அம்மா தமிழ்ல பதில் சொல்றாங்க, அதுவும் அவங்க சின்னப்புள்ளையா இருந்த காலத்து தமிழ்ல, துரை வர்றாரு, கூப்பனுக்கு மா வந்துருச்சான்னு. முதலாளிக்கு ஒண்ணும் புரியாட்டியும் தலைய ஆட்டிக்கிட்டு கேப்பாரு, அந்த மனுசனுக்கு புண்ணியம்.

எங்க சொந்தக்காரங்க தான் மோசம். வந்தவுடனே "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" னு ஆரம்பிச்சிருவாங்க. பேரு தானே ஐயா போற நோய், அதையே கேட்டா என்ன செய்யிறது? அம்மா முழிப்பாங்க, பொறகு அழுவாங்க. பேர நீங்களே சொல்லிட்டு உக்காந்தா என்ன கொறஞ்சிரும். நான் இப்ப நீளமா பேசுறதில்ல, ஒரு தரம் ஒண்ணு தான் கேப்பேன், தேத்தண்ணி வேணுமான்னு கேக்குறதுக்கு கோப்பைய காட்டிக்கிட்டே கேப்பேன், பதில் வர நேரம் எடுக்கும், வாயில வார்த்தைய திணிக்காம இருக்க நானே கஷ்டப்பட்டு தான் பழகுனேன். டீச்சர் வேலை பாத்த வாய்க்கு அது லேசு இல்ல. கெழவி ஒளறுதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, எங்க அம்மா ஒளறல, சொல்ல வந்தது உள்ள இருக்கு, அதுக்கு பேரு தான் கெடைக்கல.

பேராதனையிலயோ வேற யுனிவர்சிட்டியிலயோ தமிழ், மொழியியல், வைத்தியம் படிக்கிற மலையகத்து பிள்ளைங்க இத வாசிச்சா, உங்க படிப்பு ஆய்வுக்கு தலைப்பு தேடி கஷ்டப்பட வேணாம், ஊருக்கு வந்து அம்மாயிகிட்ட ரெக்கோடர வச்சுக்கிட்டு உக்காருங்க. என் கொப்பி வேணும்னா தர்றேன், தேதி போட்டு வார்த்தை போட்டு அதுக்கு பதிலா அம்மா என்ன சொன்னாங்கன்னும் எழுதியிருக்கேன். மொத வரி மட்டக்கம்பு. கடைசியா எழுதுனது போன செவ்வாக்கெழமை, பீலி.

இப்படிக்கு,
தோட்டத்து தமிழ் டீச்சர் ஒருத்தி,
தலவாக்கலை.